ஒரு வாரம் குறைஞ்ச பிள்ளை

மகனே,

சலாம் சொல்லிட்டு நேரா விஷயத்துக்கு வந்துடுறேன். நல்லா இருக்கியான்னு கேக்கப் போறதில்ல. நீ நல்லா இல்லன்னு எனக்குத் தெரியும். நானும் நல்லா இல்ல, முன் ரூம்ல சுத்தாத ஃபேனைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிற உங்க அத்தாவும் நல்லா இல்ல. வர்ற ஞாயித்துக்கிழமை நீயும் சபீனாவும் பெர்த்துக்குக் கிளம்புறீங்க. ரெண்டு வருஷ வேலைதான்னு சொல்ற. ரெண்டு நாலாகும், நாலு அப்படியே நின்னுடும், எத்தனை பேரைப் பாத்துட்டேன். பிள்ளையை அடக்கம் பண்ணின நாள்ல இருந்து நீ நம்ம ஆங் மோ கியோ வீட்டு வாசலை மிதிக்கல. அத்தாகிட்ட ஒரு வார்த்தை பேசல. என்னை மட்டும் கீழ காப்பிக்கடைக்கு வரச் சொல்லி, ஒரு கப் தே தாரிக் வாங்கிக் கொடுத்து, லிஃப்ட் வரைக்கும் கூட வந்து, நான் ஏறினதும் திரும்பிப் போயிடுற. வாட்ஸ்அப்புல எழுதினா ரெண்டு நீலக் கோடு விழும், "ஓகே மா"ன்னு பதில் வரும், அதோட சரி. அதனாலதான் தாள்ல எழுதுறேன். பாலர் பள்ளியில அத்தனை வருஷம் பிள்ளைங்களுக்கு அ, ஆ எழுதிக் கொடுத்த கைதான், ஆனா தாள்ல எழுதி ரொம்ப நாளாச்சு, எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்க. வியாழக்கிழமை சபீனா வரும்போது கொடுத்து விடுறேன். கூடவே மாசிச் சம்பல் செஞ்சு தரலாம்னு பாத்தேன், ஏர்போர்ட்ல ஆஸ்திரேலியாக்காரன் பிடுங்கிடுவான் மாமின்னு அது சொல்லிடுச்சு.

உங்க அத்தா எப்படிப்பட்ட மனுஷன்னு உனக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. ஆனா சொல்லத்தான் போறேன், ஏன்னா நீ அவரை மேடையில பாத்த, நான் வீட்டுல பாத்தேன். பள்ளிக்கூடத்துல சயின்ஸ் சொல்லிக் கொடுத்தவர். ஞாயித்துக்கிழமையானா தேக்காவுக்குப் பக்கத்துப் பள்ளிவாசல் மண்டபத்துல மார்க்கத்தைப் பத்தி பயான் பேசுவார். "கருவறையும் திருமறையும்"னு தலைப்பு. வர்றவங்க பாதிப் பேரு கப்பல் பட்டறையிலயும் கட்டட வேலையிலயும் வாரம் பூரா முதுகொடிஞ்ச ஊர்ப் பையங்க, அன்னிக்கு ஒரு நாள்தான் லீவு. அவங்களுக்கு முன்னாடி லேப்டாப்பைத் திறந்து வச்சுக்கிட்டு, முதல்ல ஒரு துளி, அப்புறம் ஒட்டிக்கிட்டுத் தொங்குற அலக், அப்புறம் மென்னு வச்ச சதைத் துண்டு மாதிரி முத்கா, அப்புறம் எலும்பு, எலும்புக்கு மேல சதைன்னு திருமறை ஆயத்துல வர்ற ஒவ்வொரு நிலைக்கும் பக்கத்துல ஒரு கருவோட படத்தைப் போடுவார். முத்காவுக்கு மட்டும் படம் போதாது அவருக்கு. சூயிங்கத்தை மென்னு பல் பதிஞ்ச தடத்தைக் காட்டணும்னு ஆசை. விக்கத் தடை இருக்குற சிங்கப்பூர்ல சூயிங்கத்துக்கு எங்க போறது? ஜொகூர்ல இருந்து ஒண்ணே ஒண்ணு கொண்டு வந்தா என்னன்னு கேட்டார், மார்க்கத்தைச் சொல்லப் போயி மாட்டிக்கிட்டு நிக்காதீங்கன்னு நான் ஏசினேன். கடைசியில நான் பிசைஞ்சு கொடுக்குற சப்பாத்தி மாவுதான். மேடையில மாவைக் கடிச்சுக் காட்டுற ஒரே பயான்காரர் இந்த ஊர்ல இவர்தான். பையங்க சிரிப்பாங்க, அப்புறம் சுப்ஹானல்லாஹ்ன்னு சொல்லுவாங்க. வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு மாவுல உப்பு ஜாஸ்தி"ன்னு குத்தம் வேற.

நீ யுனிவர்சிட்டியில சேந்த வருஷம் அந்த மண்டபத்துல எழுந்து நின்ன பாரு, அதை நான் பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னால இருந்து கேட்டேன். "எலும்பு முதல்ல முடிஞ்சு, அதுக்கப்புறம் சதை வர்றதில்ல அத்தா, ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் உருவாகுது. முன்னாடி மொழிபெயர்ப்புல எல்லாம் அலக்குக்கு ரத்தக்கட்டின்னு போட்டிருந்தாங்க, கரு ரத்தக்கட்டி இல்லன்னு தெரிஞ்சதும் அட்டைப்பூச்சின்னு மாத்திட்டாங்க. விடை தெரிஞ்சுக்கிட்டு வந்து கேள்விக்குப் பொருத்துறோம்"னு சொன்ன. மரியாதையாத்தான் சொன்ன. அத்தா ஏதோ ஒரு பதில் சொன்னார். அந்த ஆயத்து எலும்பு உறுதியாகுற வரிசையைச் சொல்லுதா, உருவாகுற வரிசையைச் சொல்லுதாங்கற மாதிரி. அதுல இருந்து உங்களுக்குள்ள இந்த வாதம் ஒரு பழக்கமாவே ஆயிடுச்சு. நோன்பு திறக்குற மேசையில கூட பேரீச்சம்பழம் வாயில இருக்கும்போதே ஆரம்பிச்சுடுவீங்க. அவருக்கு சயின்ஸ் வந்து கையெழுத்துப் போட்டாத்தான் ஆயத்து நிக்கும்ங்கற மாதிரி, உனக்கு ஒரு எலும்பு இடம் மாறினாலே எல்லாம் விழுந்துடும்ங்கற மாதிரி. எனக்கு ரெண்டு பேரையும் கட்டிப் போட்டு வாயில அந்த மாவை அடைக்கலாம் போல இருக்கும். அந்த ஆயத்து பாடப் புத்தகமாவா வந்துச்சு? நீ ஒரு துளியா இருந்தவன்தானே, என்னத்துக்கு இவ்வளவு ஆட்டம்னு மனுஷன் தலையில குட்ட வந்துச்சு. நான் அப்படித்தான் ஓதிக்கிட்டு இருக்கேன்.

உனக்குத் தெரியாத ஒண்ணு சொல்றேன். நீ கேள்வி கேட்டதுக்கு அடுத்த வாரமே அந்த எலும்பு, சதைப் படத்தை அவர் எடுத்துட்டார். லைப்ரரியில இருந்து தடித்தடியா புத்தகம் கொண்டு வந்து, கண்ணாடியை நெத்தியில தூக்கி வச்சுக்கிட்டுப் படிச்சார். "பையன் சொன்னது சரிதான்"னு எங்கிட்ட சொன்னார். அவன்கிட்ட சொல்லுங்கன்னேன். "அவனுக்கு ஏற்கெனவே தலைக்கனம்"னார். அல்லாஹ்வே, ரெண்டு பேருக்கும் அந்த மண்டையை ஒரே அச்சுல வார்த்து வச்சிருக்கியேன்னுதான் நினைச்சேன்.

அப்புறம் உங்களுக்குப் பிள்ளைக்காகக் காத்திருந்த வருஷங்கள். அந்த ஊசியும், அந்தப் போன் வர்ற நாளும், ரெண்டு தடவை ஒட்டாமப் போனதும், சபீனா சமையல்கட்டுல முதுகைத் திருப்பிக்கிட்டு வெங்காயம் நறுக்கினதும் எனக்கு மறக்காது. லேப்ல சேத்து வைக்கிற பிள்ளை மார்க்கத்துல ஆகுமான்னு யாரோ கேட்டதுக்கு, "புருஷன் பொண்டாட்டியோடதுன்னா ஆகும், லேப்ல இருக்குறவன் படைக்கல, சேத்து வைக்கிறான், அவ்வளவுதான்"னு அத்தா சண்டைக்குப் போனார். மூணாவது தடவை நின்னுச்சு. அந்த மாசங்கள்ல உங்க அத்தாவை நீ சரியாப் பாத்தியான்னு எனக்குத் தெரியல. நீ வேலை வேலைன்னு இருந்த. சபீனா ஒவ்வொரு வாரமும் போன் பண்ணும். "மாமா, இப்ப எந்த நிலை?"ன்னு கேக்கும். "இப்ப முத்கா ம்மா, பயத்தம்பருப்பு அளவுதான், ஆனா இதயம் அடிக்குது"ன்னுவார். ஸ்கேன் படத்தை அது அனுப்பினதும் போனைத் தூக்கிக்கிட்டு பிளாக்குல இருக்குற சீனப் பாட்டிக்குக் கூடக் காட்டினார். எத்தனையோ வருஷமா யாரோ பெத்த பிள்ளையோட படத்தை வச்சுப் பேசினவருக்கு முதல் தடவையா தன்னோட பேத்தியே படமா வந்தா. அந்தச் சிரிப்பை நான் அவர் முகத்துல நீ பொறந்தப்பதான் பாத்திருக்கேன்.

அந்தச் செவ்வாக்கிழமையைப் பத்தி நான் அதிகம் எழுதப் போறதில்ல. இதயம் நின்னுடுச்சுன்னு டாக்டர் சொன்னதும், சபீனா அந்தப் பிள்ளையைப் பெத்துத்தான் ஆகணும்னு அவரே சொன்னதும், சபீனா கையை நான் பிடிச்சிருந்ததும் உனக்கே தெரியும். நர்ஸ் கொண்டு வந்து காட்டினப்ப நீ பாத்துட்டு சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்ட. நான் திரும்பல. நல்லாப் பாத்தேன். என் உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெருசு. கையில விரல் எல்லாம் இருந்துச்சு. வாய் சபீனாவோட வாய். பொட்டப்புள்ள. ஹஜ்ஜுக்குன்னு வாங்கி வச்சிருந்த என் புதுத் தொழுகை உடுப்புல இருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்துட்டு வந்திருந்தேன். அதைக் கையில வச்சுக்கிட்டு வராண்டாவுக்கு வந்தா, நீங்க ரெண்டு பேரும் நிக்கிறீங்க.

அத்தா இமாமுக்குப் போன் போட்டிருந்தார். நாலு மாசம் நிறைஞ்சு பிள்ளைக்குள்ள ரூஹ்ங்கற ஆன்மா ஊதப்பட்டிருந்தா குளிப்பாட்டி, பேரு வச்சு, கஃபன் துணி போத்தி, தொழவச்சு அடக்கணும். நிறையலைன்னா தொழுகை இல்ல, சுத்தமான துணியில சுத்தி மரியாதையா அடக்கினாப் போதும். இதுதான் இமாம் சொன்னது. நீ சொன்ன, "பதினெட்டு வாரம் அத்தா. நாலு மாசம் தாண்டிடுச்சு." அதோட முடிஞ்சிருக்கலாம். வேற எந்த வீட்டுலயும் அதோட முடிஞ்சிருக்கும். கார்டுல பதினெட்டுன்னு போட்டிருக்கு, எல்லாரும் அழுதுக்கிட்டே தலையை ஆட்டியிருப்பாங்க. ஆனா இந்த வீட்டுல ஒருத்தர் சயின்ஸ் வாத்தியார், ஒருத்தன் ஆய்வுக்கூடத்துல செல்லைப் பாக்குறவன். அத்தா சொன்னார், "அது டாக்டர் கணக்கு. கரு உண்டாகாத முதல் ரெண்டு வாரத்தையும் சேத்துத்தான் அவங்க எண்ணுவாங்க. நீதானே எனக்கு விளக்கின. மத்தவங்களுக்கு நாள் தெரியாது, உங்களுக்கு லேப்ல சேத்த நாளே தெரியும். அதுல இருந்து எண்ணிப் பாரு. ஒரு வாரம் குறையுது." நீ அவரையே பாத்த. "ஒரு வாரம்"னு மட்டும் சொன்ன. "குறையுதுன்னா குறையுதுதான் தம்பி. நம்ம இஷ்டத்துக்குக் கூட்ட முடியாது. தொழுகை இல்ல, பேரும் இல்ல"ன்னார். "நாங்க அவளுக்கு ஒரு பேரு…"ன்னு நீ ஆரம்பிச்ச. அவர் கையைத் தூக்கி, "வேணாம், சொல்லாத"ன்னு நிறுத்திட்டார். அப்ப நீ சொன்னது இன்னும் என் காதுல இருக்கு. "இத்தனை வருஷமா நான் சொன்ன சயின்ஸை ஒரு நாள் காது கொடுத்துக் கேட்டிருக்கீங்களா அத்தா? இன்னிக்குத்தான் கேக்குறீங்க. அதுவும் என் பிள்ளைக்குப் பேரில்லன்னு சொல்றதுக்கு."

நீ அப்படிக் கேட்டது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். அந்த நேரத்துல உன் இடத்துல நான் இருந்தா செருப்பைக் கழட்டியிருப்பேன். பிள்ளையை அடக்க சுவா சூ காங் கபுஸ்தானுக்கு நீங்க ரெண்டு பேரும் ஒரே வேன்ல போயிட்டு ஒரே வேன்ல வந்தீங்க. அங்க என்ன நடந்துச்சுன்னு நீயும் சொல்லல, அவரும் சொல்லல. அவர் கைலியில முட்டி வரைக்கும் செம்மண்ணு இருந்துச்சு. முட்டி வலிக்கு நாற்காலியில உக்காந்து தொழுகுற மனுஷன் குழிக்குள்ள இறங்கியிருக்கார்னு அதை வச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். துவைச்சும் போகல அந்தக் கறை.

ஒண்ணு கேளு. உன்னைக் குத்திக்காட்டுறதுக்கு இல்ல, அங்க போயி நீங்க ரெண்டு பேரும் தனியா இருக்கப் போறீங்க, அதுக்காகச் சொல்றேன். ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னிக்கு சபீனாகிட்ட நீ என்ன சொன்ன? "உன் மேல தப்பில்ல, குரோமோசோம்ல ஒரு கோளாறு, அதுவா நடக்குறது"ன்னு தாளை எடுத்து வரைஞ்சு காட்டின. உண்மைதான். ஆறுதலாத்தான் சொன்ன. ஆனா அந்தப் பொண்ணு போர்வையை இழுத்துத் தலையோட மூடிக்கிச்சு, பாத்தியா? உங்க அத்தாவுக்கு மனசு ஆடினா கணக்கைப் பிடிச்சுக்குவார், நீ குரோமோசோமைப் பிடிச்சுக்குற. ரெண்டு பேரும் விளக்கம் சொல்லியே துக்கத்தை அடக்கப் பாக்குறீங்க. சபீனா பேசும்போது பேச விடு. ஏன் இப்படி ஆச்சுன்னு கேட்டா, தெரிஞ்சாலும் தெரியலன்னு சொல்லு. பக்கத்துல உக்காரு. அங்க குளிரும்னு சொல்றாங்க, அதுக்குக் காலு சில்லிட்டுப் போகும், சாக்ஸ் வாங்கிக் கொடு.

போன மாசம் நானே இமாமைப் போயிப் பாத்தேன். அத்தாகிட்ட சொல்லல. தேக்காவுல மீன் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு, மீன் பையோடவே பள்ளிவாசல் அலுவலகத்துல போயி உக்காந்தேன். நாத்தம் தாங்காம அந்த மனுஷன் ஜன்னலைத் திறந்தார். எல்லாத்தையும் சொன்னேன். அவர் பொறுமையாக் கேட்டுட்டு, "தொழுகை பத்தித்தான்மா நான் சொன்னேன். நிறையலைன்னா பேரு வைக்கக் கூடாதுன்னு நான் சொல்லவே இல்லியே. பெத்தவங்க மனசுக்கு ஆறுதல்னா தாராளமா வைக்கலாம், வைக்கிறது நல்லதுன்னே சொன்ன அறிஞருங்களும் இருக்காங்க. ரூஹைப் பத்தி மனுஷனுக்குக் கொடுத்த அறிவு கொஞ்சம்தான்னு நம்ம வேதமே சொல்லுதே. நாள் கணக்கு நாம என்ன செய்யணும்கறதுக்கு. அந்தப் பிள்ளை அல்லாஹ்கிட்ட யாருங்கறதுக்கு இல்ல"ன்னார். எனக்கு அங்கேயே அழுகை வந்துடுச்சு. எவ்வளவு சின்ன விஷயம் மகனே. இன்னொரு கேள்வி கேட்டிருந்தா இன்னொரு பதில் வந்திருக்கும். கேக்க வேண்டிய ஆளு கேக்காம எண்ணிக்கிட்டு இருந்துட்டார்.

வீட்டுக்கு வந்து, அஸர் தொழுதுட்டு உக்காந்திருந்தவர்கிட்ட சொன்னேன். கோவத்தோடதான் சொன்னேன், மெதுவாச் சொல்ல எனக்கு வராது. டீ ஆறி ஆடை கட்டிடுச்சு. அப்புறம் சொன்னார், "எனக்குத் தெரியும். தடை இருக்காதுன்னு அப்பவே மனசுல பட்டுச்சு. ஆனா பேரைக் கேட்டுட்டா கணக்கை விட்டுடுவேன்னு பயந்தேன். தொழ வேண்டாததுக்குத் தொழுது வச்சிடுவேன். கேட்டிருந்தா அவளைக் கையில இருந்து குழிக்குள்ள வச்சிருக்கவும் மாட்டேன்." இதைச் சொல்லிட்டு அழுதார் மகனே. எங்க கல்யாணத்துல இருந்து அவர் அழுது நான் பாத்ததில்ல. அவங்க அம்மா மௌத்தானப்பக் கூட பாத்ததில்ல.

அவர் இப்ப அந்த பயான் பண்றதில்ல. பள்ளிவாசல்ல இருந்து ரெண்டு தடவை கூப்பிட்டாங்க, தொண்டை சரியில்லன்னுட்டார். லேப்டாப்பைத் திறந்து அந்தப் படங்களைப் பாத்துக்கிட்டு மட்டும் இருக்கார். எலும்புக்குச் சதை போத்தினதுக்கு அப்புறம், பிறகு வேறொரு படைப்பா ஆக்கினான்னு ஆயத்து முடியுமே, அந்த இடத்துக்கு அவர்கிட்ட எப்பவுமே கருவோட படம் கிடையாது. ஒரு சூரிய உதயத்தைப் போட்டு வச்சிருப்பார், அவசரமாத் தாண்டிப் போயிடுவார். உன்கிட்டயும் அதுக்குப் படம் இல்ல, சொல்லப் போனா. நீங்க சண்டை போட்டதெல்லாம் படம் இருக்குற இடத்துலதான். எங்க பிள்ளை நின்னுபோனது படம் இல்லாத இடத்துல.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சதும் ரெண்டு பஸ் மாறி கபுஸ்தானுக்குப் போறார். நிழல் கிடையாது அங்க. குடை பிடிச்சுக்கிட்டு நிக்கிறார்னு நினைக்கிறேன். போன வெள்ளிக்கிழமை வந்து செருப்பைக் கூடக் கழட்டாம வாசல்ல நின்னுக்கிட்டு எங்கிட்ட கேட்டார்: "அவ பேரு என்ன? உனக்குத் தெரியுமா? கையேந்தி துஆ கேக்குறப்ப யாருக்குன்னு சொல்றது? பேத்தின்னு சொல்றேன். பேத்தின்னா யாரு வேணும்னாலும் இருக்கலாம்ல." எனக்குத் தெரியல மகனே. நான் பெத்த மகனோட மகளுக்கு என்ன பேருன்னு எனக்குத் தெரியல. சபீனாகிட்ட கேட்டேன். "அவர்தான் வச்சார் மாமி, அவர்தான் சொல்லணும்"னுச்சு. அது சொன்னதும் சரிதான்.

நீ அவரை மன்னிக்கணும்னு கேட்டு நான் இதை எழுதல. அது உனக்கும் அவருக்கும் உள்ளது, அது வர்றப்ப வரட்டும். சயின்ஸும் திருமறையும் ஒத்துப் போகுதா இல்லையான்னு பேசி முடிக்கணும்னும் கேக்கல, நீங்க அதைப் பேசி முடிக்கப் போறதும் இல்ல. பொறந்த பிள்ளை காதுல பாங்கு சொல்லி, பேரைச் சொல்லிக் கூப்பிடுறது நம்ம வீட்டுல பாட்டனோட உரிமை. உன் காதுல உங்க அத்தாவோட அத்தாதான் சொன்னார். உங்க அத்தா அதுக்காக மூணு மாசமா காத்திருந்தார், குரலைப் பழக்கினார், நான் சிரிச்சேன். அது நடக்காமப் போச்சு. சனிக்கிழமை சாயங்காலம் நான் சபீனாவைக் கூட்டிக்கிட்டு கீழ காப்பிக்கடைக்குப் போயிடுறேன். அவர் மட்டும்தான் வீட்டுல இருப்பார். ஏறி வா. சலாம் கூட வேணாம். அவருக்கு வலது காது இப்ப சுத்தமாக் கேக்குறதில்ல, அதனால இடது பக்கம் உக்காந்து, கிட்டக்க குனிஞ்சு, உன் மகளோட பேரைச் சொல்லு.

உன் அம்மா